விண்கலம் கூப்பிட்டால் பிள்ளை போய்விடுமா?

சூப்பர்ஹீரோ ஹாரர் படங்களை எழுதுகிறவர்களுக்கும், இயக்குகிறவர்களுக்கும், அவற்றுக்குப் பணம் போடுகிறவர்களுக்கும்,

எடுத்து வளர்த்த பிள்ளை கொலைகாரனாக மாறும் ‘பிரைட்பர்ன்’ படம் 2019 மே மாதம் வெளிவந்தது. அதைப் பற்றி இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகன். அவனுக்கு 14 வயது. 11 மாதக் குழந்தையாக இருந்தபோது அவனைத் தத்தெடுத்தோம். விவரம் தெரிந்த நாளிலிருந்தே அது அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மூடி மறைத்த விஷயம் இல்லை. போன மாதம் நண்பன் வீட்டில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். ராத்திரி நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினான். ஒரே தட்டை இரண்டு முறை துடைத்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்: “அம்மா, என்னைத் தூக்கிட்டு வந்தப்போ, நான் பின்னாடி எப்படி ஆவேனோன்னு பயந்தியா?”

அவனுக்கு நான் சொன்ன பதில் எங்களுக்குள் இருக்கட்டும். அதே கேள்விக்கு நீங்களும் பதில் சொல்லியாக வேண்டும். அதை எழுப்பியது உங்கள் திரைக்கதை. எழுப்பிவிட்டுப் பாதியில் எழுந்து போனதும் அதே திரைக்கதைதான்.

நான் திகில் படங்களுக்கு எதிரி இல்லை. விளக்கை அணைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து பார்க்கிறவள். தத்துப்பிள்ளை வில்லனாக வரவே கூடாது என்றும் சொல்ல வரவில்லை. எங்கள் பிள்ளைகளும் மற்ற எல்லாப் பிள்ளைகளையும்போல நல்லவர்களாகவும் ஆகலாம், கெட்டவர்களாகவும் ஆகலாம். அந்த ‘ஆகலாம்’ தான் எனக்கு வேண்டும். உங்கள் படத்தில் அதற்கு இடமே இல்லை.

எவ்வளவு நல்ல கரு அது! 1938இல் காமிக்ஸில் சூப்பர்மேன் அறிமுகமானதிலிருந்து நமக்கெல்லாம் பழகிப்போன கதை: வானத்திலிருந்து ஒரு குழந்தை விழுகிறது, கான்சஸ் பண்ணை வீட்டுத் தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள், அவன் உலகத்தைக் காப்பாற்றுகிறான். ‘பிரைட்பர்ன்’ அதை ஒரே ஒரு இடத்தில் திருப்பிப் போட்டது. விழுந்த குழந்தை நல்லவனாக வளராவிட்டால்? இந்த ஒரு வரிக்காகத்தான் ஜனங்கள் வந்தார்கள். சுமார் 60 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 3 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த வரி என்னையும் இழுத்தது. வெளியான முதல் வாரமே போய்ப் பார்த்தேன். அப்போது என் மகன் சின்னப் பையன்.

அந்தக் கருவுக்குள் இருக்கும் பயம் என்னவென்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். நம் சொல்லுக்குப் பிள்ளை கட்டுப்படுவது நம் கை வலுவானது என்பதால் என்றுதான் முதலில் நினைத்துக்கொண்டிருப்போம். பத்துப் பன்னிரண்டு வயதில் ஒருநாள் அது பொய் என்று புரியும். போ என்றால் போகிறானே, அவன் போகச் சம்மதிப்பதால்தான் போகிறான். அந்தச் சம்மதத்தை நாளைக்கு அவன் திரும்ப வாங்கிக்கொண்டால் நம்மிடம் ஒன்றும் இல்லை. பறக்கிற, சுடுபார்வை உள்ள, குண்டு துளைக்காத பிள்ளையிடம் இந்த உண்மை எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்! படத்தில் ஒரு காட்சி இதைத் தொட்டது. வானத்திலிருந்து விழுந்த பையன் பிராண்டனின் பிறந்தநாள் விருந்தில் மாமா அவனுக்கு வேட்டைத் துப்பாக்கி பரிசளிக்கிறார். வளர்ப்பு அப்பா கைல் அது வேண்டாம் என்று எடுத்து வைக்கிறார். பிராண்டன் மேசையில் ஓங்கி அடித்துக் கேட்கிறான். ஒரு நொடி அங்கே எல்லோரும் வாயடைத்துப் போகிறார்கள். அந்த அமைதியில் எனக்குத் தொண்டை வறண்டது. படம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை, அடுத்த கொலைக்கு ஓடியது.

இனி என் மனக்குறை. பிராண்டன் ஏன் மாறுகிறான்? அவன் வந்து விழுந்த, களஞ்சியத்தின் அடியில் பூட்டி வைத்திருக்கும் விண்கலம் ஒரு ராத்திரி சிவப்பாக ஒளிர்ந்து அவனைக் கூப்பிடுகிறது. அவன் தூக்கத்தில் நடந்து போகிறான். புரியாத மொழியில் அது சொல்வதைத் திரும்பச் சொல்கிறான். கொஞ்ச நாளில் அதற்கு அர்த்தம் புரிகிறது: உலகத்தை எடுத்துக்கொள். முடிந்தது கதை. குழந்தை இல்லாமல் ஏங்கிய வளர்ப்பு அம்மா டோரி, கட்டிலில் கூடவே படுத்துக் கொஞ்சியது, 12 வருடம் வளர்த்தது, படத்தின் தொடக்கத்தில் நீங்களே வீட்டு வீடியோக்களாகக் காட்டிய அத்தனை சிரிப்பும், எல்லாம் ஒரு இயந்திரம் விழித்துக்கொள்ளும்வரை ஓடிய காத்திருப்பு நேரமாகப் போய்விட்டது. அவன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆணை வந்தது, நிறைவேற்றினான். ஆணையை நிறைவேற்றுகிறவனைப் பார்த்து எனக்குப் பயம் வரலாம். துக்கம் வராது. இந்தக் கரு துக்கத்துக்கான கரு.

உங்கள் தீர்ப்பு எந்தக் காட்சியில் எழுதப்பட்டது என்றுகூட என்னால் காட்ட முடியும். வகுப்பறைக் காட்சி. தேனீக்களையும் குளவிகளையும் பற்றிய பாடம். பிராண்டன் கையை உயர்த்தி, கூடு கட்டும் திறமையை இழந்துவிட்டு வேறொரு குளவி இனத்தைத் தன் குஞ்சுகளை வளர்க்க வைக்கும் ஒரு குளவியைப் பற்றிச் சொல்கிறான். அப்படிப்பட்ட குளவிகள் நிஜமாகவே உண்டு. அழகாக எழுதிய காட்சிதான். ஆனால் அது பையனைப் பற்றிய கடைசி வார்த்தையாகவும் இருந்துவிட்டது. தமிழில் குளவியை வைத்து நேர் எதிரான பழமொழி ஒன்று உண்டு: குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும். கூட்டுக்குள் கொண்டுவந்து வைத்த வேற்றுப் புழுவை விடாமல் கொட்டிக் கொட்டித் தன் இனமாகவே ஆக்கிவிடுமாம். பூச்சிகளைப் படித்தவர்களுக்கு இது சரியில்லை என்று தெரியும். அந்தப் புழு குளவிக் குஞ்சுக்கு இரை. ஆனாலும் நம் முன்னோர்கள் அதே கூட்டைப் பார்த்துவிட்டு வளர்ப்புக்கு அத்தனை சக்தி உண்டு என்று நம்பினார்கள். நீங்கள் பார்த்துவிட்டு வளர்ப்புக்கு ஒரு சக்தியும் இல்லை என்றீர்கள். இரண்டில் எது உண்மை என்று ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் போராடிப் பார்ப்பதுதான் இந்தப் படத்தின் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

பாரதக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கரு புதிதில்லை. பெட்டியில் வைத்து ஆற்றில் விடப்பட்ட குழந்தை. உடம்போடு பிறந்த கவச குண்டலம். எடுத்து வளர்த்தவர்கள் தேரோட்டி அதிரதனும் ராதையும். போர் நெருங்கும்போது கண்ணன் வந்து கர்ணனிடம் சொல்கிறான்: நீ குந்தியின் மூத்த மகன், எங்களோடு வா, நாடு உனக்கு. உங்கள் விண்கலம் சொல்வதும் ஏறக்குறைய இதே வார்த்தை: நீ யாரென்று தெரிந்துகொள், உலகம் உனக்கு. கர்ணன் சொன்ன பதில் வியாசரின் உத்தியோக பருவத்தில் இருக்கிறது. என் மீது வைத்த பாசத்தில் ராதைக்குப் பால் சுரந்தது, என் மலமூத்திரம் அள்ளியவள் அவள், அவளுக்குச் செய்ய வேண்டிய பிண்டத்தை நான் எப்படி மறுப்பேன் என்கிறான். அவன் கடைசியில் நின்றது தவறான பக்கம்தான். துரியோதனனுக்குப் பட்ட நன்றிக்கடனும் அவனை அங்கே நிறுத்தியது. ஆனால் அழைப்பு வந்தபோது அவனுக்குள் எதிர்க்குரல் ஒன்று இருந்தது, அந்தக் குரல் வளர்த்தவளுடையது. பிராண்டனுக்குள் டோரியின் குரல் ஒரு முறையாவது ஒலித்திருந்தால் இந்தப் படம் எங்கேயோ போயிருக்கும்.

ஒலித்த ஒரே இடம் கடைசிச் சில நிமிடங்கள். வீடு இடிந்து கிடக்கிறது, ஆட்கள் செத்துக் கிடக்கிறார்கள். டோரி அவனைக் கட்டிக்கொண்டு உனக்குள் நல்லது இருக்கிறது என்கிறாள். தனக்கும் நல்லது செய்ய ஆசைதான் என்கிறான் அவன். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவனுக்குள் சண்டை நடந்துகொண்டுதான் இருந்ததா, அதை ஏன் எங்களிடமிருந்து மறைத்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. அடுத்த நொடியே டோரி அவனைக் குத்த விண்கல உலோகத் துண்டை ஓங்குகிறாள், அவன் பார்த்துவிடுகிறான், வானத்துக்குத் தூக்கிப்போய் விட்டுவிடுகிறான். படத்தின் நடுவில் வந்திருக்க வேண்டிய வாக்கியம் அது. அங்கே வந்திருந்தால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சாவும் இரண்டு பேரைக் கொன்றிருக்கும்: செத்தவரையும், நல்லது செய்ய ஆசைப்பட்ட அந்தப் பையனையும்.

வகுப்புத் தோழியின் கையை நொறுக்கும் காட்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்து நண்பர்கள் தாங்கிக்கொள்ளும் பயிற்சி. அந்தப் பெண் தாங்காமல் விலகுகிறாள், அவன் விழுகிறான். அவனைத் தூக்கிவிடச் சொல்கிறார் ஆசிரியர், அவள் தயங்கிக் கை நீட்டுகிறாள், எலும்பு நொறுங்குகிறது. எனக்கு அந்தக் காட்சி வேண்டும், அதோடு அந்த ராத்திரியும் வேண்டும். என் மகன் மூன்றாம் வகுப்பில் ஒரு பையனை ஸ்கேலால் அடித்துவிட்டான், நெற்றியில் ரத்தம் வந்துவிட்டது. அன்றைக்கு நான் திட்டியதெல்லாம் அவனுக்குள் போனதாகத் தெரியவில்லை. ராத்திரி போர்வையைச் சரிசெய்யப் போனபோது பார்த்தேன், அடித்த வலது கையைத் தலையணைக்கு அடியில் திணித்து, அதன் மேல் தலையை அழுத்திப் படுத்திருந்தான். எடுத்துவிட்டேன். தூக்கத்திலேயே மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டான். தப்பு செய்த பிள்ளை தன் கையை எப்படிப் பார்க்கும் என்பதைக் காட்டாமல், அது எப்படி அரக்கனாகும் என்று காட்ட முடியாது. அது வருத்தப்படவே இல்லை, சந்தோஷப்பட்டது என்றால் அதையாவது காட்டுங்கள். அதைவிடப் பயங்கரம் வேறு இல்லை.

சின்னப் படம், 90 நிமிடம், இதற்கெல்லாம் நேரம் ஏது என்று பதில் வரும். 2012இல் வந்த ‘கிரானிக்கிள்’ அதைவிடவும் குறைந்த நேரம் ஓடும் படம். குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, படுக்கையில் கிடக்கும் அம்மா, எல்லாவற்றையும் கேமராவில் பிடித்துக்கொண்டே இருக்கும் ஆண்ட்ரூ. அவனுக்குச் சக்தி வருகிறது. முதலில் விளையாட்டு, பிறகு கோபத்தில் ஒரு வண்டியைச் சாலையிலிருந்து தள்ளிவிடுவது, பிறகு ஒரு சிலந்தியைக் காற்றில் நிறுத்திக் கால்களைப் பிய்ப்பது. ஒவ்வொரு படியிலும் அவனைத் திருப்பிக் கூட்டிவர ஒரு வழி இருக்கிறது, ஒவ்வொரு படியிலும் அது தவறிப்போகிறது. ஆகவே நேரம் ஒரு காரணம் இல்லை. உங்கள் படத்திலேயே உணவகத்தில் ஒரு பெண்ணின் கண்ணில் கண்ணாடித் துண்டு பாய்வதையும், வண்டியில் மாமாவின் தாடை பிளப்பதையும் எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு நுட்பமாக எடுத்திருக்கிறீர்கள். கண்ணாடி பாய்ந்த பிறகு அவள் கண் வழியாகவே சிவந்து மங்கிய அந்த அறையைக் காட்டியது அசாத்தியமான வேலை. ஒரு கண்ணுக்குக் கொடுத்த பொறுமையில் பாதியைப் பையனின் மனசுக்குக் கொடுத்திருக்கலாம்.

வேறு கலைஞர்கள், வேறு நிறுவனம், வேறு கதை. அங்கேயும் எனக்கு இதே ஏமாற்றம்தான். ‘தி நியூ மியூட்டன்ட்ஸ்’ படத்தின் முதல் டிரெய்லர் 2017 அக்டோபரில் வந்தது. 2018 ஏப்ரலில் வர வேண்டிய படம் தள்ளித் தள்ளிப் போய் 2020 ஆகஸ்டில் வந்தது. காமிக்ஸில் 1984இல் வந்த கரடிப் பேய்க் கதையை ஒட்டியது. அதிசய சக்தி உள்ள ஐந்து இளைஞர்களை ஒரு மருத்துவமனையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். டேனி என்ற செயென் பழங்குடிப் பெண்ணின் சக்தியால் மற்றவர்களின் பயங்கள் உருவெடுத்து வருகின்றன. கேட்கும்போதே வயிற்றைப் பிசைகிறது இல்லையா? படத்தில் ஒவ்வொருவரின் பயமும் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்பதுபோல வரிசையாக வந்து போகிறது. அப்பாவையும் தன் மக்கள் வாழ்ந்த இடத்தையும் ஒரே ராத்திரியில் இழந்த பெண் டேனி. அவள் அழுது முடிக்கக்கூட நேரம் இல்லை. கடைசியில் அந்தப் பெரிய கரடி வந்து எல்லோரும் சண்டை போடுகிறார்கள், அவள் தொட்டதும் அது அடங்கிவிடுகிறது. பயம் ஒருவருக்குள் எப்படிக் குடியேறியது என்று தெரியாதபோது அது அடங்கினால் நமக்கென்ன?

‘பிரைட்பர்ன்’ முடிந்து பெயர்கள் ஓடும்போது, இவனைப்போல இன்னும் சிலர் இருப்பதாக ஒருவர் காட்டுக் கத்தல் கத்துகிறார். அடுத்தடுத்த படங்களுக்கான விதை. முதல் வயலே விளையாதபோது அடுத்த வயலுக்கு விதை எடுத்து வைத்ததைப் பார்த்து எனக்கு வந்தது கோபம்தான், மறைக்கவில்லை.

இதெல்லாம் வெறும் சினிமா என்று யாராவது சொல்லலாம். எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி இல்லை. ‘யார் பெற்ற பிள்ளையோ’ என்ற வார்த்தையை என் மகனுக்கு ஐந்து வயது ஆவதற்குள் எத்தனை வாயிலிருந்து கேட்டேன் என்று எண்ணவில்லை. அவன் ஒரு பொம்மையை உடைத்தால்கூட, வளர்த்த கடா மார்பில் பாயும் பார்த்துக்கொள் என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. சொந்தப் பிள்ளை உடைத்தால் சுட்டி, எடுத்த பிள்ளை உடைத்தால் ரத்தம் பேசுகிறது. ரத்தம்தான் கடைசியில் ஜெயிக்கும் என்று அவர்கள் சாதாரணமாகச் சொல்வதை நீங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துச் சொன்னீர்கள். அதனால்தான் என் பிள்ளை ஒரே தட்டை இரண்டு முறை துடைத்தான்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்.

கெட்டவனாகப் போகும் பிள்ளை ஒரு முறையாவது அந்த அழைப்புக்கு முடியாது என்று சொல்லட்டும். அதைத் திரையில் காட்டுங்கள், வசனத்தில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். இரண்டாவது முறை அவன் போகட்டும், மூன்றாவது முறை தயங்காமலேயே போகட்டும். ஆனால் முதல் மறுப்பு எங்களுக்கு வேண்டும்.

பெற்றவர்களோ வளர்த்தவர்களோ, அவர்கள் சந்தேகப்படத் தொடங்கும் ராத்திரிகளுக்கு நேரம் ஒதுக்குங்கள். கைல் மகனைக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பின்னந்தலையில் சுடும் இடத்துக்கு வந்து சேர்ந்தது எப்படி? அந்த முடிவை எடுத்தவன் அதற்கு முந்தைய ராத்திரி தூங்கியிருப்பானா? அதுவே தனியாக ஒரு படம்.

தத்து என்பதையே விளக்கமாக வைக்காதீர்கள். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், படப்பிடிப்புக்கு முன்னால் அந்தத் திரைக்கதையைத் தத்தெடுத்து வளர்த்த சிலரிடமும், தத்துக்கு வந்து வளர்ந்து பெரியவர்களான சிலரிடமும் படிக்கக் கொடுங்கள். அவர்கள் எங்கே மூச்சை நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் தேடும் திகில் அங்கேதான் இருக்கிறது, உங்களுக்கு இனாமாகக் கிடைக்கும்.

பணம் போடுகிறவர்களே, ஒரு வரிக் கருவைக் கேட்டவுடன் வெளியீட்டுத் தேதியைக் குறிக்காதீர்கள். எழுத்தாளருக்கு இன்னும் இரண்டு வரைவு எழுதச் சம்பளம் கொடுங்கள். பெயர்கள் ஓடும்போது அடுத்த பாகத்துக்குத் தூண்டில் போடுவதற்கு முன்னால் இந்தப் பாகத்தை முடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பிராண்டன் கதைக்கு உங்களில் யாராவது என்றைக்காவது திரும்பி வருவதாக இருந்தால், அந்த வகுப்பறையிலிருந்தே தொடங்குங்கள். குளவியைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்காருகிறான். பாடம் போய்க்கொண்டே இருக்கிறது. தான் சொன்னது தன்னைப் பற்றித்தானோ என்று அவனுக்கு முதல் தடவையாகத் தோன்றட்டும். வீட்டுக்கு வந்து, டோரி பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நின்று அவளிடம் அதைக் கேட்கட்டும். அவள் என்ன பதில் சொல்கிறாள் என்று எழுதுங்கள். என் மகனோடு உட்கார்ந்து நான் பார்க்க விரும்புவது அந்தப் படத்தை.

இப்படிக்கு,
ஒரு பையனின் அம்மா